என் பெயர் போட்ட வளையம்

அடையாறு. தை மாதம், ஞாயிறு இரவு.

மகனின் ஆபீஸ்காரர்கள் விருந்துக்கு வந்தார்கள். மருமகள் சுதா கை துடைக்கும் துணிகளைச் சுருட்டிப் பித்தளை வளையங்களில் செருகி, தமிழில் பெயர் எழுதி ஒட்டி, மேசையில் வைத்தாள். இந்த வருடம் கற்ற எழுத்தைக் கூட்டி எல்லாவற்றையும் படித்தேன். என் பெயர் இல்லை.

"மாமா, உங்களுக்கு ரூமுக்கே தட்டு கொண்டாந்துடறேன்" என்றாள்.

"இன்னாத்துக்கு? நா இன்னா ஜுரத்துலயா கீறேன்?"

"செட்ல வளையம் அவ்ளோதான் மாமா."

என் அறைத் திரையிலிருந்து ஒரு வளையத்தைக் கழற்றினேன். என் துண்டை அதில் செருகினேன். 'முனுசாமி' என்று நானே எழுதி ஒட்டி, மகனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

வந்தவர்களில் ஒரு பெண் அதைப் படித்துவிட்டு, "முனுசாமி சார், அப்பளம் வேணுமா?" என்றாள். ரெண்டு வாங்கிக்கொண்டேன்.

திரை ஒரு பக்கம் தொங்குகிறது. தொங்கட்டும். வளையத்தைத் திருப்பி மாட்டமாட்டேன்.