அப்பாவின் பல்லைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் தயவில் நான் நலம், உன் அப்பா உயிரோடு இருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் மன்றாடுகிறேன், அதில் ஒரு வேளைகூடத் தவறினதில்லை.

போன வாரம் போனில் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாய். அப்பாவுக்கு இம்ப்ளாண்ட் வைக்கத்தானே பணம் அனுப்பினேன், அவர் ஏன் இன்னும் கழற்றி மாட்டுகிற பல்செட்டோடு இருக்கிறார் என்று. அது போனில் சொல்லுகிற சமாச்சாரம் இல்லை, அதனால் எழுதுகிறேன். மேல்வரிசை முன்பல் நாலும் ஈறு கரைந்து ஆடிப்போய்ப் பிடுங்கின அன்றைக்கே பல் டாக்டரம்மா படம் வைத்து மூன்று வழி காட்டினார். ஒன்று கழற்றி மாட்டுகிற செட்டு, ராத்திரி தண்ணீர் டப்பாவில் போட வேண்டும், அழுத்திக் கடிக்கக் கூடாது. இன்னொன்று பிரிட்ஜ், இரண்டு பக்கத்துப் பல்லையும் அராவி அதன்மேல் பாலம் மாதிரி ஒட்டுவார்களாம், உன் அப்பாவுக்குப் பக்கத்துப் பல்லும் ஊஞ்சலாடுகிறது, ஆகாது என்றுவிட்டார். கடைசியாக இந்த இம்ப்ளாண்ட், ஈறு ஆறினதும் தாடை எலும்பில் திருகாணி இறக்கி அதன்மேல் பல்லை வைப்பது. சொந்தப் பல் மாதிரியே கடிக்கலாம் கத்தலாம், யாரும் கழற்ற முடியாது என்றார். யாரும் கழற்ற முடியாது என்று சொன்னாரே, அந்த இடத்தில்தான் நான் முடிவு பண்ணினேன். உன் அப்பா வாய் நிறையப் பஞ்சோடு கடைசிப் படத்தைக் குத்திக் குத்திக் காட்டினார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கழற்றி மாட்டுகிறதே போதும் என்று நான் சொன்னேன். அவர் ம்ம் ம்ம் என்று தலையை ஆட்டினார், டாக்டரம்மா அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பஞ்சை எடுத்ததும் குதித்தார். பணம் உங்கள் மகள் எனக்கு அனுப்பின பணம், நீங்களே போனில் அவளிடம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். பொக்கை வாயோடு உன்னிடம் பேச அவருக்கு வெட்கம். அந்த வெட்கம் எனக்குத் தெரிந்ததுதான்.

உனக்கும் தெரியும். நீ நாலாம் வகுப்புப் படிக்கையில் எனக்கு முன்பல் இரண்டு போனது. கதவு இடித்துவிட்டது என்று தெருவுக்கெல்லாம் சொன்னேன், கதவுக்கு ஏது கை. பல்லு கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, அடுப்படியில் கிடக்கிறவளுக்குப் பல்லு எதுக்குடி, அடுப்புக்குக் காட்டவா என்றார். அன்றிலிருந்து என் பெயரே ஜன்னல்தான். விருந்தாளி முன்னாடியும் ஏ ஜன்னல், தண்ணி கொண்டா. நீயும் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு, அம்மா இன்னைக்குக் காத்து எப்படி என்று கேட்டுச் சிரிப்பாய். குழந்தை என்று விட்டேன். கல்லூரிக்குப் போன பிறகும் கேட்டாய், அப்போது நீ குழந்தை இல்லை கண்ணு.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். பல்செட்டு டப்பா என் ஜெபப் புத்தகம் இருக்கிற அலமாரியில் இருக்கிறது, சாவி என் இடுப்பில். மரியாதையாகக் கேட்டால் சாப்பாட்டுக்குக் கொடுப்பேன், சாப்பிட்டதும் கழுவி உள்ளே வைத்துவிடுவேன். வாடி போடி என்று ஆரம்பித்தால் அந்த வேளை கஞ்சிதான். மார்க்கெட்டுக்கு ஒருநாள் மாட்டிக்கொண்டுதான் போனார். வெங்காய ஏலத்தில் வழக்கம்போலத் தொண்டையைத் திறந்து கூவினாராம், செட்டு பறந்துபோய்க் குவியலில் விழுந்துவிட்டது. மூட்டை தூக்குகிற ஆட்கள் தேடி எடுத்து, அண்ணே இது எவ்வளவுக்குப் போகுது, முதல் கேள்வி நான் கேட்கிறேன் என்றார்களாம். அதோடு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் இடத்தில் வேறு ஆளை நிறுத்தியிருக்கிறார்கள், வருஷக் கடைசி வரைக்கும் பார்ப்போம், பிறகு அவனையே வைத்துக்கொள்வோம் என்று ஏஜென்ட் சொல்லி அனுப்பினார். ஊர் முழுக்க விலை சொன்ன வாய், இப்போது என்னிடம் உப்புக் கேட்கவும் யோசிக்கிறது. போன வாரம் உன்னிடம் இதுவே போதும்மா, வேற ஒண்ணும் வேண்டாம் என்று சொன்னாரே, அது நான் சொல்லச் சொன்னது. அதைச் சொல்வதற்காகத்தான் அன்றைக்குச் செட்டை எடுத்துக் கொடுத்தேன். பொய்யை உன்மேல் சுமத்த எனக்கு மனசில்லை, ஆகவே தெரிந்துகொள்.

உன் பணம் என்ன ஆனது என்பாய். ஒரு காசு வீணாகவில்லை. அவர் செட்டுக்கு ஆனது கொஞ்சம்தான், மீதியில் எனக்கு இரண்டு இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டேன். ரசீதுகளை இதோடு வைத்திருக்கிறேன், கூட்டிப் பார்த்துக்கொள். எனக்கு எலும்பு கரைந்து காகிதமாகியிருந்தது, எலும்புத்தூள் வைத்துத் தைத்து மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று, வலி கொஞ்சநஞ்சமில்லை. போன மாசம்தான் பல் ஏறியது. முதல் நாள் அவருக்கு எதிரே உட்கார்ந்து ஒரு முழு ஆப்பிளைக் கடித்துத் தின்றேன். அவர் எழுந்து போகப் பார்த்தார், உட்காருங்கள், இன்னும் முடியவில்லை என்றேன். உட்கார்ந்தார்.

அவருக்கு எலும்பு இன்னும் நன்றாக இருக்கிறதாம், இந்த வருஷத்துக்குள் வைத்தால் சுலபம், தள்ளிப்போட்டால் எனக்குக் கரைந்த மாதிரி கரைந்துவிடும் என்று டாக்டரம்மா எச்சரிக்கிறார். நான் கூட்டிப் போக மாட்டேன். அவ்வளவு பாசமென்றால் நீ லீவு போட்டு வந்து கையைப் பிடித்து அழைத்துப் போ, குறுக்கே நிற்க மாட்டேன், சத்தியம். ஏழு வருஷமாக உனக்கு லீவு கிடைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இதுவரை எழுதினதை அவருக்குப் படித்துக் காட்டினேன். மகள் வருவாள் என்கிறார். வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பிள்ளைக்குப் படுக்கும்முன் பல் தேய்த்துவிடு, இனிப்பைக் குறை. மாப்பிள்ளை கோபக்காரர் என்று கேள்வி, கதவு கிதவு இடித்தால் மறைக்காமல் எனக்கு எழுது. ஆண்டவன் உங்கள் மூவரையும் நோய்நொடியில்லாமல், வாய்க்கு ருசியாய்த் தின்று வாழ வைப்பான். மறந்துவிடாதே, வருவதாக இருந்தால் வா, வராமல் பணம் மட்டும் அனுப்புவதாக இருந்தால் யோசித்து அனுப்பு. எனக்குக் கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப்பல் ஆட ஆரம்பித்திருக்கிறது.

என்றும் உன் நலம் வேண்டி மன்றாடும்,
அம்மா