பன்மைக்கு ஒருவர் குறைகிறது

மேலத்தெரு,
14-8-1961

அன்புள்ள பிரகதாம்பாள் டீச்சருக்கு,

சந்தனமேரி டீச்சர் எழுதுவது. ஆண்டவர் தயவில் என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உடம்பைத் தவிர மற்றவற்றை எழுதுகிறேன்.

வடக்கே பிலாயில் மழை விடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே மழையைப் பற்றிய பேச்சு விடுவதில்லை. தாயில்லாத மருமகளுக்குப் பிரசவம் பார்க்க மூன்று மாதம் என்று போனீர்கள். எட்டாவது மாதம் நடக்கிறது. பேரனுக்குப் பல் முளைத்ததும் அம்மா வருவார் என்று தம்பி ஆத்மநாதன் உங்கள் கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறார். முளைத்தால் தெரிவியுங்கள். உங்கள் வீட்டுச் சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வாரம் ஒருமுறை திறந்து பெருக்கிவிட்டுப் பூட்டிவிட்டு வருகிறேன். ஆள் இல்லாத வீட்டில் குப்பை ஒன்றும் சேருவதில்லை. இருந்தாலும் பெருக்குகிறேன்.

ஒரு செய்தி. நான் பஞ்சாயத்து போர்டு மெம்பர் ஆகிவிட்டேன். ஓட்டுக்கு நின்றேன் என்று பயப்படாதீர்கள். போர்டில் பெண் ஒருத்தியாவது இருக்க வேண்டும் என்று சட்டமாம். ஓட்டுப் போட்டு ஒருத்தியும் வராததால் மெம்பர்களே ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மற்றப் பெண்களைச் சேர்ப்பதென்றால் அவரவர் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருக்கிறது. என் விஷயத்தில் கேட்பதற்கு ஆள் இல்லை என்பது பெரிய தகுதியாகப் போயிற்று. பிரசிடெண்ட் ரெங்கராஜ், அரிசி மில்காரர், தாமே வீடு தேடி வந்து, “ஒங்களுக்கு வேலை ஒண்ணும் இருக்காது டீச்சர், வந்து ஒக்காந்தாப் போதும்” என்று உறுதி கொடுத்தார். அந்த உறுதியை இன்றுவரை காப்பாற்றி வருகிறார்.

முதல் கூட்டத்திலேயே பெரிய விஷயம் வந்தது. சமஸ்தான காலத்தில் குதிரை லாயம் இருந்த பொட்டலில் பூங்கா போடப் போகிறார்கள். அதில் என்னென்ன வேண்டும், எது முதலில், எது பிறகு என்று தீர்மானிக்க வேண்டும். தம் தகப்பனார் பெயரில் ஒரு சிமெண்டு வளைவு முதலில் வேண்டும் என்றார் பிரசிடெண்ட். “வாசல் இல்லாம உள்ள எப்பிடிப் போறது?” என்று கேட்டார். பொட்டல் நாலு பக்கமும் திறந்துதான் கிடக்கிறது. யாரும் அதைச் சொல்லவில்லை. நானும் புது மெம்பர். இரண்டாவது, ரேடியோ மண்டபம். மூன்றாவது, நீரூற்று. தண்ணீருக்கு என்ன செய்வது என்று கேட்டேன். “கலெக்டர் வாரன்னைக்கு வண்டியில கொண்டாந்து ஊத்திக்கலாம்” என்றார்கள். வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் குழந்தைசாமி, சைக்கிள் ஸ்டாண்டு இல்லாத பூங்காவைத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்றார். அவர் எத்தனை பூங்காவைக் கேள்விப்பட்டிருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. எட்டாவதாக இரண்டு சிமெண்டு மான்கள். ஒன்பதாவது, பெண்கள் பகுதி. மானுக்கு அடுத்து நாம்.

நான் எழுந்து, பெண்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு கக்கூஸும் முதலில் வேண்டும் என்றேன். ஒரு பெண் வாயால் அந்தச் சொல்லை அவர்கள் கேட்டதில்லை போலும். அத்தனை பேரும் சுவரில் மாட்டியிருந்த காந்தி படத்தைப் பார்த்தார்கள். அந்த அறையில் என்னை ஆதரிக்கக் கூடியவர் அவர் ஒருவர்தான் என்று எனக்கும் தோன்றியது. மறுநாள் மினிட் புத்தகத்தில், ‘பெண் உறுப்பினர் நன்றி தெரிவித்தார்’ என்று எழுதியிருந்தது.

இந்த வயதில் இவளுக்கு இது எதற்கு என்று நினைப்பீர்கள். புது ஹெட்மாஸ்டர் பள்ளிக்கூடக் கேட்டை நாலரைக்கே பூட்டச் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷம் சாயங்காலந்தோறும் நாம் உட்கார்ந்த படிக்கட்டு கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. கோயில் மண்டபத்தில் நீங்கள் உட்காரலாம்; நான் உட்கார்ந்தால் ஏன் என்பார்கள். மாதாகோயில் வாசலில் நான் உட்காரலாம். உங்களை ஏன் என்பார்கள். குளக்கரை ஆண்களுடையது. இரண்டு பெண்கள் சும்மா உட்கார்ந்து பேசுவதற்கு இந்த ஊரில் எத்தனை இடம் இருக்கிறது என்று விரலை நீட்டினேன். மடக்க வேண்டியிருக்கவில்லை. நீங்கள் வருவதற்குள் ஒன்றாவது ஏற்பாடு செய்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

உங்கள்,
சந்தனமேரி

20-11-1961

அன்புள்ள டீச்சருக்கு,

இன்லண்டு கிடைக்கவில்லை. கார்டில் எழுதுகிறேன். தபால்காரர் படிப்பார், படிக்கட்டும். அவருக்கும் ஊர்ச் செய்தி வேண்டியிருக்கிறது.

பெண்கள் பகுதி ஒன்பதிலிருந்து ஒன்றுக்கு வந்துவிட்டது. என் வாதத்திறமை என்று எண்ண வேண்டாம். பெண்கள் பகுதி இருந்தால்தான் பூங்காவுக்குச் சர்க்கார் உதவி என்று மேலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. பன்னிரண்டே நாளில் கட்டி முடித்தார்கள். மேய்ந்து பிடிபட்ட மாடுகளை அடைக்கிற பவுண்டை ஒட்டிய மூலை. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சுற்றிலும் ஆறடிச் சுவர். கொத்தனார் பவுண்டுச் சுவருக்கு எடுத்த அளவையே இதற்கும் எடுத்துக்கொண்டார். உள்ளே சுவரைப் பார்த்தபடி ஒரு சிமெண்டு பெஞ்சு. திறப்பு விழாவில் ஆண்கள் ஒன்பது பேர் பேசினார்கள். பெஞ்சு தாங்குகிறதா என்று பிரசிடெண்ட் உட்கார்ந்து பார்த்தார். தாங்குகிறது.

பெண்கள் வர ஆரம்பித்ததும் குழாயும் மற்றதும் போடப்படும் என்று அறிவித்தார். குழாயும் மற்றதும் போட்டால் வருவோம் என்கிறார்கள் பெண்கள். இரு தரப்பும் பொறுமைசாலிகள்.

பேரனுக்குப் பல் முளைத்த செய்தி கிடைத்தது. அவன் தவழ்ந்ததும் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். கார்டில் இடம் முடிந்தது.

ச. மேரி

மேலத்தெரு,
9-1-1962

அன்புள்ள பிரகதாம்பாள் டீச்சருக்கு,

பொங்கலுக்கு முன் உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்று இன்றே எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய கம்பளிச் சால்வை கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது. இந்த ஊர்க் குளிருக்கு அது மிகவும் அதிகம். ஆனாலும் போர்த்திக்கொள்கிறேன். பண்டிகைக்குப் பழைய ஞாபகத்தில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து முறுக்குச் சுட்டுவிட்டேன். கீரை விற்கிற செவந்தி பாதியைக் கொண்டுபோனாள்.

இனி விஷயம். போன மாதக் கூட்டத்தில் குழந்தைசாமி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பெண்கள் பகுதிக்குப் பெண்கள் வராததால், பெண்களுக்குப் பூங்கா தேவையில்லை என்று ஆகிறது; ஆகவே அந்த இடத்தைச் சைக்கிள் ஸ்டாண்டு ஆக்கலாம் என்றார். “பொம்பளைக எங்கிட்டு வாராக? சொவருதான் நிக்கிது” என்றார். குழாய் இல்லை, கக்கூஸ் இல்லை, பின் எப்படி வருவார்கள் என்று நான் கேட்டேன். பிரசிடெண்ட் நியாயஸ்தர். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, ஜனவரி மாதம் முழுக்கக் கணக்கெடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். பெண்கள் வருவதாகத் தெரிந்தால் குழாயும் கக்கூஸும்; தெரியாவிட்டால் சைக்கிள். காவல்காரன் அடைக்கலத்திடம் ஒரு நோட்டுக் கொடுத்தார்கள். தேதி என்று ஒரு கட்டம், பெண்கள் என்று ஒரு கட்டம்.

முதல் தேதியிலிருந்து நான் தவறாமல் போகிறேன். ஐந்து மணிக்குப் போய் ஆறு மணிவரை உட்காருகிறேன். எதிரில் சுவர். சுவருக்கு அப்பால் யாருடைய தோட்டத்திலோ மேய்ந்து பிடிபட்ட மாடுகள். மண்டபத்து ரேடியோவில் வயலும் உரமும் பற்றி ஒருவர் சொல்கிறார். நான் கேட்கிறேன், மாடுகளும் கேட்கின்றன. புத்தகம் கொண்டுபோனால் இரண்டு பக்கம் ஓடுகிறது. பிறகு அதில் உள்ளதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. மூடிவிடுகிறேன்.

ஏழாம் நாள் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஏழு நாளும் வெறுமையாக இருந்தது. நான் தினம் வருவது உன் கண்ணில் படவில்லையா அடைக்கலம் என்று கேட்டேன். “படாம என்ன டீச்சர்? நோட்டுல ‘பெண்கள்’னுல்ல போட்டிருக்கு. நீங்க ஒத்தை ஆளு. ஒண்ணுன்னா ‘கள்’ வராதுன்னு நாலாப்புல நீங்கதான் சொல்லிக் குடுத்தீக, காதைத் திருகி” என்றான். இத்தனை வருஷத்தில் என் பாடத்தை மறக்காத ஒரு மாணவனைக் கண்டுபிடித்துவிட்டேன். எனக்குப் பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

பிரசிடெண்டிடம் முறையிட்டேன். ஒருமை வேறு, பன்மை வேறு என்பது தமக்கும் ஞாபகம் இருக்கிறது என்றார். மேலும், நான் மெம்பர். மெம்பர் வந்து உட்கார்ந்தால் அது மேற்பார்வை, வருகை ஆகாது என்றார். “இன்னொரு அம்மாவைக் கூட்டிட்டு வாங்க டீச்சர், அன்னைக்கே எழுதச் சொல்லிருவோம்” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்குக் கேலி வராது.

இன்னொரு அம்மாவுக்கு அலைந்தேன். தெருவில் நாலு வீடு ஏறிக் கேட்டேன். வேலை இருக்கிறது, அவரைக் கேட்க வேண்டும், அங்கே போய் உட்கார்ந்தால் என்னத்துக்கு என்று கேட்பாக என்றார்கள். செவந்தியைக் கேட்டேன். “தண்ணியில்ல, ஒதுங்க எடமில்ல, அங்க எதுக்கு டீச்சர் என்னைய அடைக்கிறீக? பவுண்டுல அடைச்சா மாட்டுக்காச்சும் மீட்டுக்கிட்டுப் போக ஆளு வரும்” என்றாள். ஆனாலும் நேற்று எனக்காகக் கூடையோடு வந்தாள். கூடையை இறக்காமல் நின்றபடி, கறம்பக்குடிச் சந்தையில் கீரைக்கட்டு விற்ற கதையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடைக்கலம் எழுதவில்லை. “வந்துச்சு, நின்னுச்சு, போயிருச்சு. ஒக்காரலையே டீச்சர்” என்றான்.

ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் ஊர் ஏன் என்று கேட்கிறது. இருவர் உட்கார்ந்திருந்தால், ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று விட்டுவிடுகிறது. வடமொழியில் இருவருக்கென்று தனியாக இருமை உண்டு என்று நீங்கள் சொல்வீர்கள். நல்லவேளை, தமிழில் அந்தத் தொல்லை இல்லை. இருவர் சேர்ந்தாலே பன்மைதான், அடைக்கலமும் ஒப்புக்கொள்வான்.

நோட்டு முப்பத்தொன்றாம் தேதி புதன்கிழமையோடு முடிகிறது. குழந்தைசாமி இப்போதே நாடாவை வைத்து உள்ளே எத்தனை சைக்கிள் நிற்கும் என்று அளந்து பார்த்துவிட்டுப் போனார். நான் பெஞ்சில் இருக்கும்போதே அளந்தார். காலைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார். தூக்கினேன்.

பேரன் நடந்ததும் வருவதாக உங்கள் கடைசிக் கடிதத்தில் இருந்தது. இப்போது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானாம். நிற்கிற குழந்தையை விட்டுவிட்டு வாருங்கள் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. உங்கள் மருமகளுக்கும் அங்கே வேறு யார் இருக்கிறார்கள்? அதனால் அப்படி எழுதவில்லை. பஞ்சாயத்துக்கு ஒரு சாயங்காலம் போதும் என்பதை மட்டும் தகவலுக்காக எழுதுகிறேன். எனக்கு எத்தனை போதும் என்பது தீர்மானத்தில் வரவில்லை.

இவ்வளவு நீளப் பெஞ்சில் ஏன் வலது ஓரத்தில் ஒண்டிக்கொண்டு உட்காருகிறீர்கள் என்று நேற்று அடைக்கலம் கேட்டான். உங்களுக்கு இடது காது மந்தம். என் இடது பக்கம் நீங்கள் உட்கார்ந்தால்தான் நான் பேசுவது உங்களுக்குக் கேட்கும். இதை அவனிடம் சொல்லவில்லை. வெயில் என்றேன். ஆறு மணிக்கு என்ன வெயில் என்று அவன் கேட்கவில்லை. அந்த மட்டில் நல்ல பிள்ளை.

தம்பி ஆத்மநாதனுக்கும் அவர் வீட்டாருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். பேரனுக்கு என் ஆசீர்வாதம். அவன் காலில் பலம் வரட்டும். ஓட வேண்டாம், பேச வேண்டாம், அதற்கெல்லாம் நாள் கிடக்கிறது. நடக்கட்டும். ஆண்டவர் மனது வைத்து, இந்த மாதத்துக்குள்ளேயே நடக்கட்டும்.

உங்கள்,
சந்தனமேரி