எல்கடுவ முழுவதும் உன் பேரில்

என் மாரியாயி அம்மாவுக்கு,

அங்கே இழுப்பில்லாமல் மூச்சு விடுகிறாய் என்று நம்புகிறேன். இங்கே மூச்சு முட்டியது எனக்குத்தான். எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் உன்னோடு இருந்தவரை எதையும் ஒளித்ததில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிற இப்போது மட்டும் எதற்கு ஒளிக்க வேண்டும்? அதுவும் இந்தக் கதையில் நீயும் இருக்கிறாய்.

நீ போன பிறகுதான் மாத்தளை டவுனில் உள்ள அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. பேர் பதிவது, இரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் ஒரே மென்பொருளில் ஓடுகின்றன. கொஞ்ச காலமாக அது ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்க ஆரம்பித்தது. மற்ற நாளெல்லாம் ஒழுங்காக ஓடும். ஞாயிறு காலை தோட்டத்துச் சனம் பஸ்ஸில் வந்து இறங்கியதும் எல்லாத் திரைகளும் உறைந்துவிடும்.

அப்படி ஒரு ஞாயிறு, இழுப்பு வந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் மருந்துக்காகக் காத்திருந்தாள். டாக்டர் எழுதிய மருந்து திரையில் ஏறவே இல்லை. கடைசியில் அவரே ஓடிவந்து காகிதத் துண்டில் எழுதிக் கொடுத்தார். அந்தக் குழந்தையின் நெஞ்சுச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம் அம்மா.

மாலையில் மனேஜர் மாத்தயா கூப்பிட்டார். அவர் கத்தவில்லை, 'நங்கி' என்று சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்துத்தான் பேசினார். கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன், என் வாய் உனக்குத் தெரியும்.

"நங்கி, தோட்டத்து ஆக்கள் வாற நாள் மட்டும் ஏன் நிக்குது? நீ ஞாயிறு டியூட்டி எடுத்த பொறகுதானே இது?"

"அதத்தான் மாத்தயா தேடிக்கிட்டு இருக்கேன்."

"தேடு. அடுத்த ஞாயிறும் நிண்டா பொலிசுக்குச் சொல்லத்தான் வேணும். என்ட பக்கமும் பாரு, காலம் சரியில்ல."

காலம் சரியில்லைதான். வடக்கில் சண்டை நடக்கிறது. இங்கே தமிழ்ப் பேர் உள்ள அடையாள அட்டையைச் சோதனைச் சாவடியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். விசாரணைக்கு என்று கூட்டிப்போன பிள்ளைகள் எப்போது வீடு திரும்புவார்கள் என்று யாரால் சொல்ல முடிகிறது? தம்பியிடம்கூட நான் வாய் திறக்கவில்லை.

ஓட்டிப் பார்க்க நான் தனியாக வைத்திருக்கும் சோதனைக் கணினியில் அந்த மென்பொருள் ஒருநாளும் நின்றதில்லை. ஆகவே சனம் வந்துபோகும் இடத்திலேயே ஒரு கண்காணிப்பு நிரலைப் போட்டேன். எல்கடுவ பஸ் பிந்தினால் எந்தச் சந்தியில் எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்போமே, அது செய்வதும் அதைத்தான். ஒருவரின் பேரைத் தட்டியதும் அந்த வேலை உள்ளே எங்கெல்லாம் போகிறது, எங்கே தங்குகிறது என்று கோடுகளாகக் காட்டும். ஆனால் வெறும் வாயை மென்றவர்களுக்கு அந்தக் கோடுகள் அவலாகிவிட்டன. "அந்தப் புள்ள எல்லாரையும் வேவு பாக்குதாம்" என்று கன்டீன் வரை பேச்சு.

ஞாயிறு வந்தது. மனேஜர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, போனைக் கையில் பிடித்தபடி என் பின்னால் உட்கார்ந்தார். பக்கத்துக் கவுண்டரில் பேர் பதிகிற ரிஸானா இருந்தாள். அங்கே எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி அவள்தான். முதல் பஸ் வந்தபோது கோடுகள் குட்டையாகத்தான் இருந்தன. பிறகு ஒரு கோடு நீண்டது. நீண்டுகொண்டே போனது. அதற்குப் பின்னால் வந்த வேலையெல்லாம் வரிசையில் நின்றது.

"நிண்டுருச்சி," என்றார் மனேஜர்.

நான் அந்த நீண்ட கோட்டைத் திறந்தேன். வந்தவரின் பழைய நோய் வருத்தங்களை எடுக்கப்போன இடத்தில் அது சிக்கிக் கிடந்தது. ஒரே ஆளின் கோப்பில் ஆயிரக்கணக்கான காய்ச்சல், இருமல், பிரசவம், அட்டைக்கடிப் புண். ஒரு பிறவிக்கு இவ்வளவு வருமா? அடையாள அட்டை எண் முழுவதும் சைபர். அதற்குப் பக்கத்தில் பேர் இருந்தது: மாரியாயி, எல்கடுவ.

"யாரு இது?"

எனக்கு விளங்கிவிட்டது அம்மா. அட்டை எண் இல்லாமல் ஒருவரையும் பதியக்கூடாது என்பது மனேஜரின் கட்டளை. எண்ணைத் தட்டுவது ரிஸானா மட்டும்தான். அவளைக் காட்டிக்கொடுத்தால் நான் தப்பலாம். பேசாமல் இருந்தால், திரையில் நிற்பது என்னைப் பெற்றவளின் பேர்.

"எங்கம்மா," என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் போனில் பொலிஸ் எண்ணை அழுத்தத் தொடங்கினார்.

ரிஸானா எழுந்தாள். "அவ ஒண்டும் செய்யல்ல மாத்தயா. நான்தான். அந்தம்மாவுக்குக் கார்டு இல்ல, பொறந்த சர்ட்டிபிகட் இல்லண்டு கிராம சேவகர் திருப்பி அனுப்பிட்டாராம். நம்பர் போடாட்டி மெசின் விடாது. மூச்சு முட்டுற மனுசிய வெளியால போங்கண்டு சொல்ல ஏலுமா? அவங்கதான் சிரிச்சிட்டு சொன்னாங்க, எல்லாத்துக்கும் சைபரப் போடு புள்ள, இந்த நாட்டுல எனக்கு உள்ளது அதானேண்டு. பொறகு கார்டு இல்லாம வந்த எல்லாருக்கும் அதையே போட்டேன். அவங்கவங்க பேரக் குறிப்புல எழுதித்தான் வச்சிருக்கேன்."

நான் கண்டியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்த கூத்து இது. சைபரைத் தட்டியதும் மென்பொருள் அந்த எண்ணில் முதலில் பதிந்த உன்னைத்தான் கூப்பிட்டிருக்கிறது. யார் வந்தாலும் அதற்கு நீதான் வந்திருக்கிறாய். உன் கோப்பு ஊதி ஊதி, நான் ஞாயிறு வேலை எடுத்த நேரம் பார்த்து நின்றிருக்கிறது. என் சோதனைக் கணினியில் நான் கற்பனையாகப் பதிந்தவர்கள் எல்லோருக்கும் ஒழுங்கான எண் இருந்தது. உன் மகளாக இருந்தும் எண் இல்லாத ஓர் ஆளை எனக்குக் கற்பனை செய்ய வரவில்லை.

மனேஜர் போனை மேசையில் வைத்தார். "மொத்தமா அழிச்சிரு நங்கி. ஃபைல் போனா மெசின் ஓடும்தானே?"

"ஓடும் மாத்தயா. ஆனா எந்தப் புள்ளைக்கு எந்த ஊசி ஒத்துக்காதுங்கிற வெவரமும் அதோட போயிரும். ஒண்ணொண்ணாப் பிரிச்சுத் தாறேன். கார்டு இல்லாதவங்களுக்கு ஆஸ்பத்திரியே ஒரு நம்பர் குடுக்கட்டும்."

அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த சனத்தைப் பார்த்தார். "சரி. ரெண்டு பேரும் செஞ்சத ரெண்டு பேருமே சரி பண்ணுங்க," என்றார். நான் என்ன செய்தேன் என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். நீ பார்த்திருந்தால் அதிசயப்பட்டிருப்பாய்.

இப்போதைக்குக் கோப்பிலிருந்து கடைசிச் சில வருகைகளை மட்டும் எடுக்கும்படி மாற்றியிருக்கிறேன். திரைகள் நிற்பதில்லை. நானும் ரிஸானாவும் ஓய்ந்த வேளைகளில் உட்கார்ந்து உன்னிடமிருந்து ஒவ்வொருவராகப் பிரித்து எடுக்கிறோம். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராக்கம்மாவின் முட்டிவலி அவள் பேருக்கே போய்விட்டது. அவள் மருமகளின் பிரசவமும் போய்விட்டது. உன்னுடையதாகக் கொஞ்சம் இழுப்புத்தான் மிஞ்சும். கடைசிப் பதிவில் டாக்டர் "அடுத்த ஞாயிறு வரவும்" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு அழுதேன். ஏன் அம்மா போகவில்லை? பஸ் கிடைக்கவில்லையா, அல்லது ரிஸானாவுக்குத் தொந்தரவு என்று நினைத்தாயா?

எண் இல்லை என்று அந்தக் கவுண்டரிலிருந்து ஒருவரையும் திருப்பி அனுப்ப விடமாட்டேன். உன் கோப்பை யாரும் அழிக்கவும் விடமாட்டேன். ஆஸ்பத்திரி கொடுக்கிற புது எண்களில் முதலாவதை யாருக்குப் போடுவது என்று ரிஸானா கேட்டாள். கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அவளே தட்டினாள்.

ஒன்றாம் எண் மாரியாயியின் மூத்த மகள்,
செல்வி