உன் மன்னிப்பை நீயே திரும்ப எடுத்துக்கொள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அன்புள்ள என்று போட்டது கைப்பழக்கம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை மூவரும் உடம்பளவில் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், கடல் தாண்டிப் போன் போட்டு அடுத்தவர்களுக்காக மன்னிப்புக் கேட்க நேரமும் தெம்பும் இருக்கிறவனுக்கு என்ன குறை. போனில் கேட்காமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நீ சரிப்பா சரிப்பா என்று நாலு தடவை சொல்லிவிட்டு மீட்டிங் இருக்கு என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. தபாலில் போட்டால் நீ பென்ஷன் வாங்கும்போதுதான் வந்து சேரும் என்பதால் எழுதி முடித்ததும் நானே ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பப் போகிறேன், ஓரத்தில் என் கட்டைவிரல் விழுந்திருந்தால் அதற்குப் பின்னால் இருப்பதும் திட்டுதான் என்று வைத்துக்கொள்.

நடந்ததை முழுசாகக் கேள், உனக்குத் தெரிந்தது உன் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்ன பாதிக்கதை. உன் தங்கை, நம் வக்கீலம்மா, பள்ளிக்கூடத்தில் மாணவர் தலைவியானது உனக்குத் தெரியும். ஆன நாளிலிருந்து அவள் கையில் எடுத்த காரியம் ஒன்றே ஒன்று, பிள்ளைகள் அதைத் துணை பெஞ்ச் என்கிறார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை நாட்டுப் பிள்ளைகள், எத்தனை பாஷை என்று அங்கேயே படித்த உனக்கு நான் சொல்ல வேண்டாம். நடுவருஷத்தில் வந்து சேரும் பிள்ளை இந்த ஊர்ப் பாஷை புரியாமல் முழிக்கும், அதன் பக்கத்தில் அதன் பாஷையே பேசுகிற பழைய பிள்ளை ஒன்றை உட்கார வைப்பது, இரண்டும் பாடத்தைத் தங்கள் பாஷையில் பேசிப் புரிந்துகொண்டு விடையை ஊர்ப் பாஷையில் எழுதுவது, அவ்வளவுதான். வகுப்புப் பரீட்சையில் கேள்வி விளங்காவிட்டால் கேள்விக்கு மட்டும் அர்த்தம் கேட்கலாம், விடையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. இதை அவள் தன்னிஷ்டத்துக்குச் செய்யவில்லை, மாணவர் கூட்டத்தில் பிரின்சிபால் அம்மா எல்லோர் முன்னாலும் சரி என்று சொன்ன பிறகுதான் செய்தாள். அந்த அம்மா அதைக் காலைக் கூட்டத்தில் புகழ்ந்து பேசி, துணை பெஞ்ச் பிள்ளைகளின் போட்டோவை வராந்தாவில் மாட்டியும் வைத்தார். அதே வராந்தாவில் எல்லாப் பாஷையிலும் நல்வரவு என்று ஒட்டியிருக்கிறார்கள், தமிழை மட்டும் தலைகீழாக ஒட்டியிருக்கிறார்கள், வவ்வால்களை வரவேற்கிறார்கள் போலிருக்கிறது.

போன வாரம் சயின்ஸ் வாத்தியார் பரீட்சை வைத்தார். புதிதாக வந்த ஒரு பெண், நம் பாஷைக்காரி இல்லை, அவள் பேசுவது எனக்கு வாய்க்குள் கூழாங்கல்லை உருட்டுவது போலக் கேட்கும், நாம் பேசுவது அவளுக்கும் அப்படித்தான் கேட்கும். அவள் ஒரு கேள்விக்கு அர்த்தம் கேட்டிருக்கிறாள், துணைக்கு இருந்த பெண் சொல்லியிருக்கிறாள். வாத்தியாருக்கு அவர்கள் பேசியது ஒரு எழுத்தும் புரியவில்லை, புரியாததெல்லாம் திருட்டு என்று முடிவு கட்டி இருவர் தாளையும் பிடுங்கிவிட்டார். துணைக்கு இருந்த பெண் பயந்துபோய் நான் ஒன்றும் சொல்லவில்லை என்று பின்வாங்கிவிட்டாள். புதுப் பெண்ணுக்குக் காப்பி அடித்தவள் என்று பெயர், ஒரு வகுப்பு கீழே இறக்கப் போகிறார்கள். உன் தங்கை நேராகப் போய், அவர்கள் நான் சொன்னபடிதான் செய்தார்கள், பிரின்சிபால் சம்மதித்துத்தான் நான் சொன்னேன் என்று நின்றாள். அந்த அம்மாவோ, அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லையே என்றார். பெற்றோரைக் கூட்டி வா என்றார்கள்.

இவ்வளவும் நடந்த அன்று உன் அம்மா உனக்குப் போன் செய்திருக்கிறாள். அவளுக்கு முழங்கால் வலித்தாலும் உனக்குத்தான் முதல் போன், வலி இருப்பதே எனக்குக் கடைசியில்தான் தெரியும். நீ என்ன செய்தாய்? தங்கையைக் கூப்பிட்டு என்னம்மா நடந்தது என்று கேட்டாயா? என்னைக் கேட்டாயா? நேரே பிரின்சிபாலைக் கூப்பிட்டாய். நானும் உன் தங்கையும் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்ததும், அந்த அம்மா சிரித்துக்கொண்டே நீ சொன்னதை எல்லாம் ஒப்பித்தார், உன் தங்கை எனக்குத் தமிழில் சொன்னாள். “தங்கச்சி சின்னப் பொண்ணு, அனுமதி வாங்காம அவளா செஞ்சுட்டா. அப்பா அம்மாவுக்குப் படிப்பு கம்மி, இதெல்லாம் அவங்களுக்குப் புரியாது. குடும்பத்துச் சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.” படிப்பு கம்மி என்றது சரிதான், ஒன்பதாவதில் நானும் பள்ளிக்கூடமும் ஒருவரை ஒருவர் கைகழுவியது ஊரறிந்த சங்கதி, அதற்காக நான் கோபப்படவில்லை. ஆனால் அனுமதி வாங்காமல் என்று சொல்ல நீ யார்? அந்தக் கூட்டத்தில் நீ இருந்தாயா? பொய் சொன்னேன் என்று உன் தங்கையின் வாயால் வரவழைக்க அந்த அம்மாவால் முடியவில்லை, நீ ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டாய்.

எனக்குத் தெரியும், இது உனக்குப் பழகிய வேலை. நாம் இந்த நாட்டுக்கு வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது, அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு வாய் நீதான். பாங்கில் நீ பேசினாய், வீட்டுக்காரரிடம் நீ பேசினாய், என் மூலநோயைக்கூட டாக்டரிடம் நீதான் எடுத்துச் சொன்னாய், சொன்ன நீ சிவந்தாயா கேட்ட நான் சிவந்தேனா என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. அதெல்லாம் அப்போது. இப்போது இந்த வீட்டில் ஆளுக்கொரு வாய் முளைத்திருக்கிறது. உன்னை அந்த உத்தியோகத்திலிருந்து நிறுத்திவிட்டோம், உத்தரவை உனக்கு யாரும் அனுப்பவில்லை போலிருக்கிறது, இதுதான் அது.

மீதியையும் கேள். நான் பதில் சொல்ல வாயெடுத்ததும் தங்கை மொழிபெயர்க்கப் போனாள். அந்த அம்மா, இவள் சம்பந்தப்பட்டவள், இவள் மொழிபெயர்த்தால் சரியாக இருக்காது, உங்கள் மகனையே போனில் கூப்பிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்காதே, உட்கார்ந்திருந்தது பிள்ளைகள் நாற்காலி, நிற்கும்போது அதுவும் என்னோடு சேர்ந்து எழுந்தது. நான் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற மிஷின்களிடம் ஊர்ப் பாஷை படித்தவன், மூடியைத் திறக்காதீர், கையை உள்ளே விடாதீர், இதுதான் என் இலக்கணம். அதை வைத்துக்கொண்டு பேசினேன். மகன் மன்னிப்பு மகனுக்கு, வீட்டில் மன்னிப்பு இல்லை, பொண்ணு பொய் இல்லை, நீங்கள் சரி சொன்னீர்கள், எல்லாப் பிள்ளையும் கேட்டது, கேளுங்கள். இவ்வளவு சொல்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. சயின்ஸ் வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரிக்கட்டும், எங்கள் மிஷின்களும் நான் பேசினால் அப்படித்தான் குலுங்கும்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. கடைசியில் சொன்னது இது, எனக்குப் பாதிதான் புரிந்தது, மீதியைத் தங்கை சொன்னாள். உங்கள் மகன் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன், அவரே கூப்பிட்டு, விஷயம் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொன்னால், அந்தக் கூட்டத்தில் இருந்த மற்ற மாணவர் தலைவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கிறேன். இல்லாவிட்டால் திங்கட்கிழமை அந்தப் பெண் கீழ் வகுப்புக்குப் போவாள், துணை பெஞ்ச் மூடப்படும், உங்கள் பெண் காலைக் கூட்டத்தில் ஒரு மன்னிப்பு வாசித்தால் அவள் பேட்ஜ் அவளிடமே இருக்கும். உன் தங்கை அங்கேயே சொல்லிவிட்டாள், “நான் படிக்க மாட்டேன் மேடம், அவ காப்பி அடிக்கல.” பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். பஸ் வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள், “அண்ணன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” அதற்குப் பதில் நீதான் அவளிடம் சொல்ல வேண்டும்.

கல்லூரிக்குப் பிரின்சிபால் தரும் சிபாரிசு கெட்டுவிடக் கூடாதே என்றுதான் பேசினாய் என்கிறாள் அம்மா. நல்ல அக்கறை. அந்தச் சிபாரிசில் என்ன எழுதுவார்கள், சொன்னபடி வாயை மூடிக்கொள்ளும் நல்ல பெண் என்றா? இன்னொன்றும் சொல்கிறேன், இது உனக்கு வலிக்க வேண்டும் என்றே சொல்கிறேன். தேர்தலில் அவள் எதைப் பேசி ஓட்டு வாங்கினாள் தெரியுமா? என் அண்ணன் இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது கணக்கெல்லாம் தெரிந்தும் பாஷை தெரியாததால் ஒரு வகுப்பு கீழே போட்டார்கள், வருஷம் முழுக்கக் கடைசி பெஞ்சில் ஊமையாக உட்கார்ந்திருந்தான், அவன் பக்கத்தில் யாராவது ஒருவர் இருந்திருந்தால் போதும் என்று பேசினாள். உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. அவள் அந்த பெஞ்சைப் போட்டதே உனக்காக, அதை உடைக்க முதல் ஆளாக வந்தது நீ.

இப்போது அந்தப் புதுப் பெண் எந்த வகுப்பிலும் இல்லை. நூலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். உன் தங்கை இடைவேளைக்கெல்லாம் அங்கே போய் அவளோடு உட்காருகிறாள், இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது, பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரியில் லாப்டாப்பைக் கட்டிக்கொண்டு கிடக்காதே, அம்மா சொல்லச் சொன்னாள், எனக்கு இப்போது அதில் அக்கறை இல்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், முதுகெலும்பு என்று ஒன்று உனக்குச் சீக்கிரம் வளர வேண்டும், இது என் ஆசீர்வாதம். திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடம் திறந்ததும் பிரின்சிபாலைக் கூப்பிட்டுத் தெரியாமல் சொன்னேன் என்று சொல். அதற்கு முன்னால் தங்கையைக் கூப்பிடு, அவள் எடுக்கும் வரை கூப்பிட்டுக்கொண்டே இரு, முதல் இரண்டு தடவை எடுக்க மாட்டாள். என்னைக் கூப்பிட வேண்டாம், என்னிடம் நீ எதுவும் கேட்க வேண்டியதில்லை, நான் ஊமையாய் உட்கார்ந்திருக்கும் ஆளும் இல்லை, அப்படி ஒருத்தி நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
யார் சார்பிலும் பேசாமல் தன் சார்பில் மட்டும் எழுதும்
உன் அப்பா