வெள்ளி முயலின் வயிறு

ஜூன் 6, செவ்வாய்

ஓவியத்தில் பதினோராம் கட்ட வரிசை முடிந்தது. ஈஸ்டருக்கு மறுநாள் பாதி விலைக்குத் தள்ளிவிட்ட வெள்ளித்தாள் சுற்றிய சாக்லெட் முயல், காதில் விலைச்சீட்டோடு, ஆறடிக் கான்வாஸில். வழக்கம்போலப் புகைப்படமும் கான்வாஸும் தலைகீழாக. நேராக வைத்தால் மூளை 'இது முயல்' என்று முந்திக்கொண்டு பொய் சொல்லும். கட்டம் கட்டமாக, தெரிகிற நிறத்தை மட்டும் வைக்கவேண்டும். இன்று வெள்ளித்தாளின் வயிற்றுப் பக்கம் ஒரு எலுமிச்சை மஞ்சள். என் அறையில் மஞ்சள் ஏது? படத்தில் இருக்கிறது, வைத்தேன்.

ஜூன் 9

வெள்ளிக்கிழமை மீன் வறுவல். நான், என் வீட்டுக்காரன் டேல், கொரின். கொரின் பன்னிரண்டு வருடமாக என் படங்களை விற்பவள், அதைவிட என் தோழி.

"ஒரு முயலுக்கு ரெண்டு மாசம் குடுக்கறா. உனக்கு எப்பப்பா நேரம் குடுப்பா, டேல்?"

டேல் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான்.

ஜூன் 27

முடிந்தது. நிமிர்த்தி வைத்தேன்.

முயலின் வெள்ளி வயிற்றில் பிரதிபலிப்பாக என் அறை. என் சோபா. சோபாவில் இரண்டு பேர். மஞ்சள் — கொரினின் மழைக்கோட்டு. அவள் கழுத்தில் முகம் புதைத்திருப்பவன் டேல்.

நானே வரைந்திருக்கிறேன். என் கையால், ஒரு விரல் விடாமல்.

ஜூன் 28

ஏப்ரலில் அக்காவின் அறுவைச் சிகிச்சைக்காக கிரீன் பே போயிருந்தேன். நாலு மணி வெயில் வேண்டுமென்று, கால் மணிக்கொரு தடவை தானாகப் படமெடுக்கும்படி முயலுக்கு நேரே கேமராவை வைத்துவிட்டுப் போனேன். டேலிடம் சொன்னது, சன்னல் திரையை ஏற்றிவிடு என்பது மட்டும். ஏற்றிவிட்டிருக்கிறான். பிறகு நான் ஒளியைப் பார்த்துத்தான் படம் பொறுக்கினேன். வயிற்றை யார் பார்த்தது?

அந்த வாரம் கொரின் மயாமியில் என்றல்லவா சொன்னாள்! பாவி. அக்காவுக்குப் பூங்கொத்து வேற அனுப்பினியேடி. ரெண்டு பேரும் என்னை என்னன்னு நெனச்சீங்க?

ஜூன் 29

டேலிடம் காட்டினேன்.

"கேமரா ஓடிட்டா இருந்துச்சு?"

அவ்வளவுதான் கேட்டான்.

ஜூலை 11

படம் கொரினின் காட்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் கொரின் கூப்பிட்டாள்.

"கண்ணு... அந்த மஞ்சளை மட்டும் கொஞ்சம் மங்கலாக்கிடேன்."

"இருக்கறதை இருக்கற மாதிரியே வரையறவள்னு ஊரெல்லாம் சொல்லி வித்தது நீதானே?"

அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. இப்படி ஒரு அநியாயம் நடந்தால் நான் முதலில் கூப்பிட்டுப் புலம்புவது அவளிடம்தான். இனி யாரிடம்?

ஜூலை 21

கண்காட்சித் திறப்பு. கண்ணாடி போட்ட ஒருவர் முயலின் வயிற்றருகே குனிந்து, "இவங்க ரெண்டு பேரும் யாருங்க?" என்று கொரினிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"யாரோ... கடைக்கு வந்தவங்க," என்றாள்.

சோபா போட்ட கடை.

செப்டம்பர் 5

டேல் போய் ஒரு மாதம். சோபாவையும் எடுத்துப் போகச் சொன்னேன், எடுத்துப் போய்விட்டான்.

புதுப் படம் பிஸ்கட் டின். பளபளக்கும் மூடியில் நானும் சன்னலும் மட்டும். கான்வாஸை நேராகத்தான் வைத்திருக்கிறேன். மூளை பொய் சொன்னால் சொல்லட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தூரிகையை எடுக்கிறேன்.