படத்தில் இல்லாதது

ரெட்டிபாளையம்,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் மணிமாறனுக்கு அம்மா சின்னம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். துபாயில் உன் சுகம் அறிய ஆவல்.

முதலில் நல்ல சேதி. உன் அக்கா மகள் பாக்யலட்சுமி நர்ஸ் படிப்பை முடித்துத் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் தம்பி அருள்முருகன் அரியலூர் ஓட்டப்பந்தயத்தில் கப்பு வாங்கினான். வாசலில் போகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று ஜன்னலில் வைத்திருக்கிறான். உன் மகள் இனியா மூணாம் வகுப்பில் கெட்டிக்காரி. அவள் வரைந்த படத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள்.

அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கு.

அறிவரசன் சார் என்று புது வாத்தியார். பார்த்து எழுதச் சொல்லுகிற ஆள் இல்லை. பேப்பரில் வந்த படம் ஒன்றைக் கொண்டு வாங்க, அதில் இல்லாததை நீங்களா யோசிச்சுச் சேர்த்து வரையுங்க என்பார். ஒரு பிள்ளை பஸ்ஸுக்கு மீன் வால் வைத்ததாம். நான் படித்த அஞ்சாவது வரைக்கும் அப்படிச் செய்திருந்தால் முட்டி பெயர்ந்திருக்கும். நம்ம பிள்ளை பேப்பர் படம் கிடைக்காமல், பீரோவில் இருந்த உன் போட்டோவை எடுத்துப் போய்விட்டாள். நெற்றியில் குங்குமப் பொட்டு, கழுத்தைச் சுற்றி ரோஜா மாலை, எல்லாம் கலர் மெழுகில்.

ஏண்டி இப்படி என்று கேட்டால், சுவத்துல தாத்தாவுக்கு இருக்கு, பெரியப்பாவுக்கு இருக்கு, அப்பாவுக்கு மட்டும் யாருமே போடலையே அப்பத்தா என்கிறாள். உன் பெண்டாட்டி கவிதா தாலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் போய் வாத்தியாரைச் சத்தம் போட்டேன். அப்பா இல்லாத பிள்ளைன்னு நெனச்சு நான் ஒண்ணும் கேக்கலைங்கம்மா என்று தலையைக் குனிந்துகொண்டார்.

போட்டோவை வீட்டுக்கு வாங்கி வந்து தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பொட்டு போகும்போது நெற்றியும் போனது. அப்புறம் கண்ணு. இப்போது சட்டையும் கையும் மட்டும்தான் மிச்சம். இனியா அழவில்லை. இல்லாததை நானே வரையுறேன் என்று உட்கார்ந்தாள். நீ போகும்போது அவளுக்கு மூணு வயசு. அந்தப் போட்டோவை விட்டால் உன் முகம் அவளுக்கு எங்கே தெரியும்? வரைந்து காட்டினாள். உன் சட்டைக்கு மேலே, செத்துப்போன உன் அப்பா முகம். மீசை, நரை, ஒன்றும் தப்பவில்லை.

அதைக் கிழிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். அரிசிப் பானைக்கு அடியில் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன்.

பொங்கலுக்குப் பிறகு உன் போன் வரவில்லை. கவிதா போட்டால் சுவிட்ச் ஆஃப் என்கிறது. வேலை ஜாஸ்தியாக இருக்கும், ரூமில் சிக்னல் இருக்காது என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செட்டிகுளம் முருகன் உனக்குத் துணையிருப்பான். நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு சாமி. நெற்றி நல்லாத் தெரியட்டும், திருநீறுகூட வேண்டாம். பழசு எதுவும் அனுப்பாதே. இந்தக் கடுதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்ததாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. சின்னம்மாள்