உன்னைப் பங்கு கேட்கிறார்கள், கிரேஸ்

என் கிரேஸுக்கு,

எங்கே இருந்தாலும் நீ என் வீட்டுக்காரிதான் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நீ போய் ஒரு வருஷம் முடியப்போகிறது, இந்த விருத்தாசலத்தில் நீ யார் வீட்டுக்காரி என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. சபையில் யாரைப் பார்த்தாலும் "எங்க கிரேஸக்கா இருந்திருந்தா" என்று ஆரம்பிக்கிறார்கள். எங்க கிரேஸக்காவாம். எனக்கு வயிறு எரிகிறது.

கடல் பொங்கி கடலூர்ப் பக்கம் அத்தனை பேரைக் கொண்டுபோன அடுத்த வருஷம்தான் இதெல்லாம் தொடங்கியது. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்து ஊருக்கு வெளியே பந்தல் போட்டார். பெரிய துணியில் மிருகமும் கொம்புகளும் வரைந்திருந்தது. சோப்பு உறையில் இருக்கிற கறுப்புக் கோடுகள்தான் மிருகத்தின் முத்திரை என்றார். அடுத்த அறுவடைக்குள் கர்த்தர் வந்து தம்முடையவர்களை எடுத்துக்கொள்வார், இனி வீடு கட்டுகிறவன் அவிசுவாசி என்றார். கடலுக்குப் பயந்துபோயிருந்த ஜனம் அப்படியே நம்பியது. நானும்தான், வேலை பார்க்கிற பீங்கான் சூளையில் ஒரு வாரம் கை ஓடாமல் நின்றேன்.

உன் தங்கச்சி லீலாவும் அவள் புருஷன் தாமஸும் கம்மாபுரத்தில் நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு நின்ற நேரம் அது. மாற்று மனை கிடைத்தும் தாமஸ் வீடு கட்டவில்லை. தகரக் கொட்டகையில் கிடந்தார்கள். மழையில் நாம் போனபோது அவர்கள் பெண் குழந்தை இருமிக்கொண்டே ஈரத்தில் படுத்திருந்தது.

"எதுக்குக்கா வூடு? கட்டி முடிக்கறதுக்குள்ள கர்த்தர் வந்துருவாரு" என்றான் தாமஸ்.

நீ அவனோடு சண்டை போடவில்லை. "அந்தப் பிரசங்கியார் பொய் சொல்றாருன்னு நான் சொல்லல. வேதத்துல இருக்குதான்னு பாப்போம். பவுல் சொன்னதையே பெரோயா ஊர்க்காரங்க தெனமும் வேதத்த வச்சிப் பாத்தாங்க. நாம பாத்தா தப்பா?" என்றாய்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமெல்லாம் நம் வீட்டில் பைபிள் படிப்பு. நீ, லீலா, தாமஸ், அப்புறம் ரயில்வே ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கிற சாமுவேல். நம் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு, உன்னைக் கட்டுகிறவரைக்கும் பழமலைநாதர் கோயில் தேர்தான் தெரியும். உனக்காக ஞானஸ்நானம் எடுத்தேனே தவிர, பைபிளில் எந்த ஆகமம் எங்கே வருகிறது என்பது மண்டையில் ஏறவே இல்லை. நான் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சாமுவேல் வாசித்து முடித்திருப்பான். நீங்கள் இருவரும் வாதாடிக்கொண்டிருப்பீர்கள். நான் எழுந்து டீ போடப் போவேன்.

அப்போது உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். எனக்கு அது தெரியாத முகம். என்னிடம் கேஸ் தீர்ந்துவிட்டது, மாவு அரைக்க வேண்டும் என்பாய். அவனிடம் தானியேலின் கனவைப் பற்றிப் பேசுவாய். அதில் தப்பு ஏதாவது இருந்ததா? ஒன்றுமில்லை. வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவான். தப்பு இருந்திருந்தால் ஒரு சத்தம் போட்டுத் தீர்த்திருப்பேன். இல்லாததால் இத்தனை வருஷமாக உள்ளேயே கிடக்கிறது.

அந்த நாளும் நேரமும் பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்று இயேசுவே சொல்லியிருப்பதை முதல் வாரமே எடுத்து வைத்தாய். முத்திரை வலது கையிலோ நெற்றியிலோ என்று எழுதியிருக்கிறது, யாரைக் கும்பிடுகிறோம் என்பதைப் பற்றிய பேச்சு அது, சோப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாய். "நான் ஒரு மாசமா சோப்பே வாங்கலக்கா" என்று சாமுவேல் சொன்னதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். கிறிஸ்துவின் ஆயிரம் வருஷ அரசாட்சியைப் பற்றிய இடம் வந்தபோது மட்டும், "இது எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்" என்று புத்தகத்தை மூடினாய்.

ஊரைவிட்டுச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதி அனுப்பியதைத் தாமஸையே வாசிக்கச் சொன்னாய். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று இருந்தது.

"அது பாபிலோனுக்குப் போனவங்களுக்குச் சொன்னதுக்கா."

"ஆமா, ஒனக்குச் சொன்னதில்ல. ஆனா அவங்களும் கர்த்தருக்குக் காத்திருந்தவங்கதான். காத்திருந்துகிட்டே வூடு கட்டுனாங்க."

தாமஸ் பைபிளை மூடி வைத்தான். அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டவில்லை.

பிரசங்கியார் மறுபடி வந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து நீ எழுந்து நின்றாய். "ஐயா, அறுவடைக்குள்ளன்னு சொல்றீங்களே, அது எந்த எடத்துல எழுதியிருக்குது?" என்று பணிவாகத்தான் கேட்டாய். சபையில் பெண் பேசக்கூடாது, உட்காரு என்றார் அவர். நான் எழுவதற்குள் சாமுவேல் எழுந்துவிட்டான். "அக்கா கேட்டதையே நானும் கேக்கறேன், சொல்லுங்க" என்றான். பிரசங்கியார் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டார். எனக்கு அதுவா முக்கியம்? உனக்காக முதலில் எழுந்தவன் நான் இல்லையே.

அறுவடை முடிந்தது. கர்த்தர் வரவில்லை, பிரசங்கியாரும் அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. தாமஸ் யார் முகத்திலும் விழிக்காமல் கொட்டகையிலேயே கிடந்தான். நீ கோழிக்குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு போனாய். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரவில்லை உன் வாயிலிருந்து. சாப்பிட்டு முடித்ததும், "கடக்கால் எப்பப்பா தோண்டற?" என்று மட்டும் கேட்டாய். அடுத்த வாரம் நானும் அவனும் தோண்டினோம். அந்த வேலையில் சாமுவேல் இல்லை. எனக்கு அது போதுமாயிருந்தது.

அந்த வீட்டின் பால் காய்ச்சுதலை நீ பார்த்தாய். அதற்குப் பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாக உன் பக்கத்தில் இருந்தவன் நான். என்னிடம் "சாப்ட்டீங்களா" என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தாய். உன்னை அடக்கம் பண்ணின அன்று சாமுவேல் எழுந்து, "ஆஸ்பத்திரில, பயமா இருக்குதான்னு அக்காவக் கேட்டேன். பயமில்ல, அவசரமும் இல்லன்னாங்க" என்று அழுதான். ஊரே அழுதது. அதை நான் முதல்முதலாக அங்கே, ஊரோடு ஊராக நின்றுதான் கேட்டேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை, கிரேஸ்? சொன்னால் நான் உடைந்துபோவேன் என்றா? இல்லை, நான் கேட்கவில்லை என்றா?

இப்போது ஊரில் ஒரு புது சிடி சுற்றுகிறது. இன்னும் சில வருஷத்தில் உலகம் அழியுமாம். பெண்கள் பயந்துபோய் சாமுவேலிடம் போக, அவன் என்னிடம் வந்தான். "பழனிண்ணே, படிப்ப மறுபடி உங்க வூட்லயே வச்சிக்கலாமா?" என்றான். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வரச் சொல்லு" என்று வந்துவிட்டது.

போன ஞாயிறு எல்லோரும் உட்கார்ந்து அந்தச் சிடியைப் பார்த்தோம். அதில் கர்த்தர் வருகிற நாளில் பஸ்ஸிலிருந்தும் காரிலிருந்தும் ஜனங்கள் மேலே பறந்து போகிறார்கள். நான் கேட்டேன்: "எல்லாம் உசுரோட இருக்கறவங்களாவே போறாங்களே. கல்லறைல இருக்கறவங்க எங்க?"

சாமுவேல் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதின நிருபத்தைப் பிரித்தான். இரண்டு வார்த்தை வாசித்து நிறுத்தினான். புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டான். எழுத்துக் கூட்டுவதுபோல நான்தான் வாசித்தேன். கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்களாம். உயிரோடிருக்கிற நாங்கள் அதற்குப் பிறகுதான்.

லீலா என் பக்கம் திரும்பி, "அக்கா மொதல்ல மாமா, நீங்க அப்பறம்தான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சாமுவேல் மட்டும் சுவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தான். உன்னோடு வாதாடியதைப்போல வாதாட அவனுக்கும் இந்த ஊரில் வேறு ஆளில்லை என்று எனக்கு அப்போதுதான் பட்டது. பொறாமை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவனுக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இனி ஞாயிறுதோறும் நம் வாசல் அவர்களுக்குத் திறந்திருக்கும், அது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. வருஷ நினைவுக்குச் சபையாரெல்லாம் பாட்டோடு கல்லறைக்கு வருகிறார்கள். வரட்டும், நானும் கூட நிற்பேன். ஆனால் அதற்கு முந்தின நாளே நான் மட்டும் வருவேன். ஆஸ்பத்திரியில் கேட்காததை அன்று கேட்பேன். எத்தனை மணிக்கு வருகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, சாமுவேலிடமும்தான்.

உன் வீட்டுக்காரன்,
பழனிவேல்